மயில்கழுத்துப் பட்டு வெளிறியது ஏன்?

சென்ற திங்கள் எம் இல்லத்துத் திருமணப் படங்களை ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் தொலைபேசியில், "மயில்கழுத்துப் பட்டு என்றாயே! சாயம் போன சேலைபோல் அல்லவா இருக்கிறது?" என்றார். என் கணினியிலோ பட்டு ஒளிர்ந்தது. பிழை நெசவாளருடையதன்று, என்னுடையது. படத்தைத் திருத்தியபோது நிறவெளியைக் கருதாது விட்டேன்.

நிறவெளி என்பது யாது? டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று எண்களே. அவ்வெண்கள் எத்தகைய சிவப்பை, எத்தகைய பச்சையைச் சுட்டுகின்றன என வரையறுப்பதே நிறவெளி. படியளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில், எவ்வூர்ப் படி என்று சொல்லாமல் "இரண்டு படி நெல்" என்றால் அளவு விளங்குமா?

1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாப்டும் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி, 1999இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமாயிற்று. குறிப்பில்லாத படத்தை இணையமும் கைப்பேசியும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்றே கொள்ளும். 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதனினும் விரிந்தது. பச்சையும் நீலப்பச்சையும் அதில் மிகுதியாக அடங்கும். அதில் எழுதிய எண்களை எஸ்ஆர்ஜிபி என வாசித்தால் நிறம் வெளிறும். யான் அனுப்பிய படத்தின் நிறக்குறிப்பு வழியிலே உதிர்ந்தமையால் நேர்ந்ததும் இதுவே. கோடாக்கின் புரோபோட்டோ ஆர்ஜிபி இன்னும் பெரிது. ஆயின் அதில் 16 பிட் அளவில் திருத்துதல் வேண்டும். 8 பிட்டில் நிறத்துக்கு 256 நிலைகளே உளவாதலின், வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தோன்றக்கூடும்.

லால்பாக் மலர்க்காட்சியாயினும் இல்லத்துத் திருமணமாயினும் நேயர்கள் கைக்கொள்ளத்தக்க முறை இது: மூலக்கோப்பை 'ரா' வடிவிலேயே பேணுக. அச்சகத்தார் விரும்பினால் மட்டும் அடோபி ஆர்ஜிபியில் தருக. சுற்றத்தாருக்கு அனுப்பும் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நிறக்குறிப்பையும் கோப்பிற் பதித்து அனுப்புக. எண்களை முறைப்படி மாற்றுவது வேறு, பெயரை மட்டும் ஒட்டுவது வேறு; படியின் பெயரை மாற்றினால் நெல் பெருகாது. சிறிய வெளியில் ஒருமுறை இழந்த நிறம், பெரிய வெளிக்கு மாற்றினாலும் மீளாது. ஆதலின் மூலத்தை அழித்தல் ஆகாது.

படத்தை முறையாக மாற்றி மீண்டும் அனுப்பினேன். தாயார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்போதுதான் கலியாணத்தைக் கண்டேன்" என்றார். பெங்களூருவரை வர இயலாத முதியோர்க்கு நாம் அனுப்பும் படமே திருமணம்; அதன் நிறத்தைக் காப்பது நம் கடமையன்றோ?