பேசாத பியானோவைப் பேச வைக்கலாமா?

ஆய்வுக்கூடத்தில் சுரமானியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய கம்பி, முனையில் தொங்கும் எடைகள். அந்தக் கம்பியை விரலால் சுண்டாமல் ஒரு சிறு சுத்தியலால் தட்டினால் என்ன ஆகும்? இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், மெடிசி இளவரசரின் இசைக்கருவிகளைப் பராமரித்து வந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி இதைத்தான் செய்தார்.

அப்போது அங்கே புழக்கத்தில் இருந்த ஹார்ப்சிகார்டில் கம்பி சுண்டப்படுகிறது. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். கிறிஸ்டோஃபோரியின் கருவியிலோ விரலின் வேகம் சுத்தியலுக்குப் போயிற்று. மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடிந்தது. 1700-ஆம் ஆண்டு மெடிசி மாளிகையில் எடுத்த ஒரு பட்டியலிலேயே இக்கருவி இடம் பெற்றுவிட்டது. இதுதான் பியானோவின் பிறப்பு.

அவர் செய்த பியானோக்களில் மூன்றுதான் இன்று எஞ்சியுள்ளன. 1720-இல் செய்தது நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது ரோமிலும், 1726-இல் செய்தது ஜெர்மனியின் லெய்ப்சிக்கிலும் காட்சிசாலைகளில் இருக்கின்றன. ரோமில் உள்ளதைப் பூச்சி அரித்துவிட்டது. லெய்ப்சிக் கருவியில் முன்பு வாசித்து ஒலிப்பதிவும் செய்திருக்கிறார்கள். இன்று அது வாசிக்கும் நிலையில் இல்லை. நியூயார்க் கருவி மட்டும் ஒலிக்கிறது. அதன் இசையை அக்காட்சிசாலையே பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டிருக்கிறது.

“ஆகா, முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒலியை அப்படியே கேட்கலாமே!” என்று நீங்கள் துள்ளலாம். இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம்.

நியூயார்க் கருவியின் ஒலிப்பலகை 1938-இல் மாற்றப்பட்டது. ஒலிப்பலகை என்பது சாதாரண உறுப்பு அல்ல. மெல்லிய கம்பி தானாகக் காற்றை அதிகம் அசைக்க முடியாது. தன் அதிர்வை அது பலகைக்குக் கொடுக்க, பலகைதான் காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது பெரும்பாலும் பலகையின் குரலே. மேலும், அக்கருவியின் சுரவரிசை சுமார் அரை எட்டுச்சுர அளவு இடம் பெயர்க்கப்பட்டிருக்கிறது. அதே நீளமுள்ள கம்பி வேறு அதிர்வெண்ணில் ஒலிக்க வேண்டுமானால் அதன் இழுவிசையையோ தடிமனையோ மாற்றத்தானே வேண்டும்? ஆக, கையெழுத்து கிறிஸ்டோஃபோரியுடையது. குரல் அவருடையது என்று சொல்ல முடியாது.

எங்கள் கல்லூரியில் ஒரு பழைய சுரமானி இருந்தது. கம்பி அறுந்ததும் கையில் கிடைத்த கம்பியை மாட்டினோம். அதன்பின் பழைய குறிப்பேட்டிலுள்ள அளவுகளோடு ஒன்றுமே ஒத்துவரவில்லை. பழைய கம்பியின் தடிமனை அளந்து வைக்காமலே எறிந்துவிட்டோம். தவறு என்னுடையதுதான். சுரமானிக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் உலகில் மூன்றே உள்ள ஒரு கருவியில் இப்படிச் செய்தால்?

வாசிக்காத கருவி வெறும் மரச்சாமான் என்று இசைக் கலைஞர்கள் வாதாடுகிறார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கட்டையின் கனத்தை விரலால்தான் அறிய முடியும், அளவுகோலால் முடியாது. ஆனாலும் பூச்சி அரித்த மரமும், காகிதத்தைச் சுருட்டித் தோல் ஒட்டிய அந்தச் சுத்தியல்களும் நமக்குச் சாட்சிகள். ஒலி எழுப்புவதற்காக அவற்றை மாற்றினால், சாட்சியைக் கலைத்தவர்கள் ஆவோம். அசலைத் தொடாமல் நுணுக்கமாக அளந்து, அதே முறையில் நகல் செய்து, அந்த நகலில் பதிவு செய்வதே சரி என்பது என் கருத்து. அப்படிப்பட்ட நகல்களைப் பலர் செய்தும் இருக்கிறார்கள். நகலில் கம்பி அறுந்தால் வேறு மாட்டலாம். தவறு செய்தால் திருத்தலாம். சோதனை என்பதே அதுதானே?

ஒலிப்பதிவிலும் ஒரு வஞ்சகம் உண்டு. இன்றைய பெரிய பியானோவில் எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் சுமார் 20 டன் வரும். இரும்புச் சட்டம் அதைத் தாங்குகிறது. கிறிஸ்டோஃபோரியின் கருவிக்கு மரச்சட்டமும் மெல்லிய கம்பிகளும்தான். அதன் ஒலி ஓர் அறைக்கே போதுமானது. ஒலிவாங்கியைக் கம்பிக்கு அருகில் வைத்துப் பதிந்தால் இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும். கேட்பவர் ஏமாந்துபோவார்.

உரப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒலியின் பண்பு அப்படி மாறாது. சுத்தியல் மெல்லத் தொட்டால் மேற்சுரங்கள் குறைவு. ஓங்கி அடித்தால் அவை பெருகி ஒலி கூர்மையாகும். எனவே மெல்லிய வாசிப்பைப் பின்னர் உரக்க ஆக்கினாலும் அது ஓங்கி அடித்த வாசிப்பாகாது. பதிவில் நம்பத்தக்க சான்று இதுவே.

லொடொவிகோ ஜுஸ்டினி என்பவர் 1732-இல் வெளியிட்ட 12 சொனாட்டாக்கள்தாம் பியானோவுக்கென்றே எழுதி அச்சிட்ட முதல் இசை. கிறிஸ்டோஃபோரியின் நகலில் வாசித்த பதிவு கிடைத்தால், இரவில் வீடு அடங்கியபின், ஒலியை நன்றாகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒலி உரக்கிறது, எந்த இடத்தில் கூர்மையாகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இடையிடையே கட்டைகள் ‘டொக்’கென்று விழும் சத்தமும் கேட்கலாம். சில ஒலிப்பதிவாளர்கள் அதைத் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது.