யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்?

2019 ஆகஸ்ட் 16. காஷ்மீரின் சிறப்புத் தகுதியைப் பறித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே செல்போன்கள் இயங்கவில்லை. அன்றைக்குப் பொக்ரான் போன பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அணுகுண்டை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதுதான் இன்றுவரை நம் கொள்கை, இனி என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். ட்விட்டரிலும் போட்டார். நாடாளுமன்றத்தை யாரும் கேட்கவில்லை.

அவர் அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம், அந்த உறுதிமொழி சட்டமே அல்ல. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு 2003 ஜனவரி 4 அன்று வெளியிட்ட ஓர் அறிக்கை, அவ்வளவுதான். அதிலேயே ஓர் ஓட்டையும் உண்டு: ரசாயன, உயிரியல் ஆயுதங்களால் தாக்கினாலும் அணுகுண்டால் திருப்பி அடிக்கலாம். 2014 தேர்தல் அறிக்கையில் இந்தக் கொள்கையைத் திருத்துவோம் என்றது பா.ஜ.க. 2016இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், நாம் ஏன் நம்மைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். கூடவே, இது என் சொந்தக் கருத்து என்றார். பாதுகாப்பு அமைச்சருக்கு அணுகுண்டு பற்றிச் சொந்தக் கருத்தாம்!

அணுகுண்டே கூடாது என்பது என் நிலைப்பாடு. ஆனாலும் இந்த அரைகுறை உறுதிமொழிக்காகச் சண்டை போடுவேன். 2022 மார்ச் 9 அன்று நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். இந்தியா முந்தி அடிக்கும் என்று எதிரில் இருப்பவர் நம்பியிருந்தால், அந்தச் சில நிமிடங்களில் என்ன முடிவெடுத்திருப்பார்? தன் குண்டுகள் அழிவதற்குள் ஏவிவிடத்தானே தோன்றும்? முதல் அடியைத் தாங்கிப் பதிலடி கொடுக்கத்தான் அரிஹந்த், அரிகாட் நீர்மூழ்கிகள் என்கிறார்கள். அவை கையில் இருக்கும்போது முந்திக்கொள்ள என்ன அவசரம்?

பெயர் வைத்தபோதும் யாரையும் கேட்கவில்லை. 1974இல் சோதனை நடந்தது. 'சிரிக்கும் புத்தர்' என்றார்கள். 1998 மே 11 சோதனை நடந்தது புத்த பூர்ணிமா அன்று. சாதியை உதறிவிட்டு 1956இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு ஏற்றுக்கொண்ட புத்தர் அவர். குண்டுக்கு அவர் பெயரைச் சூட்ட இவர்களுக்குக் கூசவில்லை.

முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதைச் சட்டமாக்கவும், 2003இன் ஓட்டையை அடைக்கவும் தனிநபர் மசோதாவாவது கொண்டுவரலாம். தமிழ்நாடு, புதுச்சேரியிலிருந்து 40 பேரை மக்களவைக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்களிடமிருந்தே கேட்கத் தொடங்குவோம்.