நாய்க்கு மட்டும் பெயர் இருந்த கதை

1970-ஆம் ஆண்டு, அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் உச்ச விருதான நியூபெரி பதக்கம் 'சவுண்டர்' என்ற நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வெள்ளையர். கதையோ ஒரு கறுப்பினக் குத்தகை விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. பிள்ளைகளின் பசிக்காக இறைச்சி திருடிய அப்பாவைக் கைதுசெய்து இழுத்துப் போகிறார்கள். மகன் அவரைத் தேடி அலைகிறான். அந்த அப்பாவுக்குக் கதையில் பெயர் இல்லை. அம்மாவுக்கு இல்லை. மகனுக்கும் இல்லை. 'சவுண்டர்' என்பது அந்த வீட்டு நாயின் பெயர்.

கல்நெஞ்சக்காரரையும் அழவைக்கும் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் யார் அழுவதற்காக அது எழுதப்பட்டது? ஒரு கறுப்பினப் பிள்ளை அந்தப் புத்தகத்தை விரித்தால், தன்னை எங்கே கண்டுகொள்ளும்? இதே பதக்கத்தை 1923-இல் வாங்கியது 'டாக்டர் டூலிட்டிலின் கடற்பயணங்கள்'. பம்போ என்ற ஆப்பிரிக்க இளவரசனைக் கோமாளியாக்கிய புத்தகம் அது. 1988-இல் அந்தப் பகுதிகளைத் திருத்தி மறுபதிப்பு போட வேண்டிவந்தது. 1922-இல் தொடங்கிய நியூபெரி பதக்கம் முதன்முதலாக ஒரு கறுப்பின எழுத்தாளர் கைக்கு வந்தது 1975-இல். அவர் வர்ஜீனியா ஹாமில்டன். இடையில் ஓடியவை 53 ஆண்டுகள்.

அந்த 53 ஆண்டுக் காலமும் கறுப்பின மக்களுக்கு எழுத வரவில்லையா? "தரமாக எழுதினால் தரமாட்டோமா?" என்பது விருது மேடைகளின் நிரந்தர வசனம். நமக்கும் பழக்கமான வசனம்தான். இடஒதுக்கீட்டைப் பேசினால் 'தகுதி' என்று கிளம்பும் அதே குரல், இலக்கியம் என்றதும் 'தரம்' என்று சட்டையை மாற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் இரண்டு வேலைகள் நடந்தன. முதல் வேலை, எண்ணிப் பார்ப்பது. நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறார் நூல்களைக் கணக்கெடுத்தார். ஒரே ஒரு கறுப்பின மனிதராவது தலைகாட்டிய நூல்கள் 349. அதாவது 6.7 சதவீதம். 1965-இல் இதை அவர் கட்டுரையாக்கியபோது, தலைப்பிலேயே சிறார் நூல்களின் உலகம் முழுக்க வெள்ளை என்று சொன்னார். 'தரம்' பேசியவர்களால் மறுக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது இந்த எண்கள்தான்.

இரண்டாவது வேலை, தங்களுக்கென்று ஒரு விருதை உருவாக்குவது. 1969-இல் மேபல் மெக்கிசிக், கிளிண்டன் கிரீர் என்ற இரு கறுப்பின நூலகர்கள் கொரெட்டா ஸ்காட் கிங் பெயரில் விருது தொடங்க முன்கை எடுத்தார்கள். கறுப்பினப் படைப்பாளிகளுக்கான அந்த விருது, முதன்முதலில் 1970-இல் லில்லி பேட்டர்சன் எழுதிய மார்ட்டின் லூதர் கிங் வரலாற்று நூலுக்குக் கொடுக்கப்பட்டது. பெயரில்லாத குடும்பத்தின் கதைக்கு நியூபெரி தந்த அதே ஆண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் இதைத் தன் அதிகாரப்பூர்வ விருதாக ஏற்றுக்கொண்டது 1982-இல்தான். அதுவரை யாருடைய ஒப்புதல் முத்திரைக்கும் காத்திராமல் நடத்தினார்கள். பிறகு நடந்ததையும் பாருங்கள். 2000-இல் கிறிஸ்டோபர் பால் கர்டிஸின் நாவலும், 2023-இல் அமினா லுக்மான்-டாசனின் நாவலும் இரண்டு விருதுகளையும் சேர்த்தே வாங்கின. 'தரம்' திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை.

எழுதும் கை மாறினால் கதையில் என்ன மாறும் என்பதற்கு மில்ட்ரெட் டெய்லரே சாட்சி. 1977-இல் நியூபெரி பெற்ற அவருடைய நாவல், 1933-இல் மிசிசிப்பியில் நடக்கிறது. கறுப்பினப் பள்ளிக்குப் பாடநூல்கள் வருகின்றன. உள்ளட்டையில் ஓர் அட்டவணை: யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது, மாணவரின் இனம் என்ன, புத்தகத்தின் நிலை என்ன. 11 முறை வெள்ளைப் பிள்ளைகளிடம் புழங்கிக் கிழிந்த பிறகு, 12-ஆவது முறையாகத்தான் இங்கே வந்திருக்கிறது. அதைப் படித்த ஆறு வயதுப் பையன் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். அவனுக்குப் பிரம்படி. ஆசிரியையான அவன் அம்மா அந்த அட்டவணை மேல் காகிதம் ஒட்டி மறைக்கிறார். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. கோபமும் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சாகித்ய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் பால சாகித்ய புரஸ்கார் வழங்குகிறது. சிறார் நூல்களை ஆய்வு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் படிக்கும் தமிழ்ச் சிறார் கதைகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு, தெரு கிடையாது. பாட்டி வீட்டு முற்றம் வரும், கோடை விடுமுறை வரும், பேசும் யானை வரும், கோயில் திருவிழா வரும். அந்தத் திருவிழாவின் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பது மட்டும் வராது. தப்பித் தவறி ஒரு சேரிப் பிள்ளை வந்தாலும், ஊர்ப் பிள்ளை ஒன்று அதன்மேல் இரக்கப்பட்டு நல்ல பிள்ளை ஆவதற்காக வரும். கறுப்புத் தோலைப் படத்தில் வரைந்தே ஆக வேண்டும். சாதியைச் சொல்லாமலே கடந்துவிடலாம். சொல்லாமல் விட்டால் எல்லாப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையாகிவிடும்.

இதைக் கேட்டால் வரும் பதில், "குழந்தைகளிடம் போய் சாதியைப் பேசலாமா? பிஞ்சு மனசு." கருத்தரங்கு தவறாமல் இதைக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் தனிச் சாக்கில் உட்காரவைக்கப்பட்டு, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று தவித்தபோது அம்பேத்கர் சிறுவன். தலைமையாசிரியர் பள்ளியைப் பெருக்கச் சொன்னபோது ஓம்பிரகாஷ் வால்மீகி சிறுவன். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றில் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்துச் சிரித்து, பிறகு காரணம் தெரிந்து கொதித்தபோது பாமா மூன்றாம் வகுப்பு. தலித் தன்வரலாறுகளில் பாதி குழந்தைப் பருவம்தான். அவை பெரியவர்களின் அலமாரியில் விருதோடு நிற்கின்றன. எட்டு வயதில் ஒரு பிள்ளை அனுபவிக்கலாம், அதே எட்டு வயதில் இன்னொரு பிள்ளை அதைப் படிக்கக் கூடாதா? நீங்கள் காப்பாற்றுவது யாருடைய பிஞ்சு மனசை?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் அது பரிந்துரைத்தது. சாதி நம் பிள்ளைகளின் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. கதைப் புத்தகத்துக்குள் மட்டும் வரக் கூடாதாம்.

வந்த இடங்களும் உண்டு. ஹைதராபாத்தின் அன்வேஷி ஆய்வு மையம் 2008-இல் 'டிஃபரண்ட் டேல்ஸ்' வரிசையில் தலித், முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளின் கதைகளைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில் விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' அந்தச் சாதிக் கயிற்றையே கதையாக்கியது. 2025-இல் அவருக்குப் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது, வேறொரு நாவலுக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் இவற்றை விதிவிலக்காகக் கொண்டாடிவிட்டு நகர்ந்தால், விதி அப்படியே இருக்கும்.

தோழர்களே, எண்ணத் தொடங்குவோம். விருது பெற்ற நூல்களை எடுங்கள். எழுதியவர் யார், படம் வரைந்தவர் யார், தேர்ந்தெடுத்த நடுவர்கள் யார், கதையின் நாயகப் பிள்ளை எந்தத் தெருவில் வசிக்கிறது? ஒவ்வொரு மொழியிலும் பட்டியல் போட்டுப் பொதுவில் வைப்போம். கூடவே, தலித், பழங்குடி எழுத்தாளர்களும் ஓவியர்களும் பிள்ளைகளுக்காகப் படைக்கும் நூல்களுக்கென்று, அந்தச் சமூகங்களின் நடுவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு விருதை நாமே தொடங்குவோம். பணம் சிறிதாக இருக்கட்டும். நூலகத்துக்கு நூறு பிரதி வாங்கிக் கொடுக்கும் விருதாக இருந்தாலும் போதும்.

அதற்குப் பெயரும் இருக்கிறது. 1855-இல், பூலே இணையரின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதை அச்சிட்டது. சாதியைப் பற்றி எழுதவே ஒரு பள்ளிச் சிறுமிக்கு வயது போதுமானதாக இருந்தது.