சிறு பொதியும் பெரும் பொறுப்பும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபால், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி விளங்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை இரும்பும் எஃகும் உருவாகும் இடமாகவே நம்மிற் பலர் அறிவர். இன்று ஆலைகளில் இயந்திரங்களோடு கணினிப் பிணையமும் சேர்ந்தே இயங்குகின்றது. எடைமேடை, கண்காணிப்புக் கேமரா, கிடங்குக் கணினி என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அவற்றை அமைக்கும் பணிக்கு நம் மாணவர்களும் செல்கின்றனர். பிறர் ஆக்கிய கருவியைக் கையாள்வோராக மட்டுமே அவர்கள் நின்றுவிடலாமா என்பதே நம் வினா.

ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 இருமக் குறிகளால் ஆனது. 192.168.10.0/24 என்னும் பிணையத்தை நான்காகப் பகுத்தால் ஒவ்வோர் உட்பிணையத்திலும் 64 முகவரிகள் அமையும். முதலாவது பிணையத்தையும் இறுதியானது பொது அறிவிப்பையும் குறிப்பதால், கருவிகளுக்கு எஞ்சுவன 62. இரண்டாம் பகுதி 64இல் தொடங்கி 127இல் முடியும். அப்பகுதியைச் சார்ந்த, 70 என முடியும் முகவரியுடைய கேமராவுக்கு, முதற்பகுதியிலுள்ள 1 என முடியும் வாயில் முகவரியைத் தந்துவிட்டால், அது தன் பகுதிக்கு வெளியே பேச இயலாது. பழுது கேமராவில் இல்லை, கணக்கில்தான் உள்ளது.

இக்கணக்கை நொடியில் செய்து தரும் 'ஐபிகால்க்', 'சிப்கால்க்' போன்ற சிறு நிரல்கள், கட்டளை வரியில் இயங்குவனவாய் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் உண்டு. எனினும் நிரல் எழுதப்பட்டுவிட்டால் மட்டும் அது பயனரைச் சென்றடைந்துவிடாது. அதனைப் பொதியாக்கித் தருவார் ஒருவர் வேண்டும். 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் திட்டத்தில் இப்பணிக்கு வகுத்துள்ள நெறி சிந்திக்கத்தக்கது. நிரலின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் தெளிவுறக் குறித்தல் வேண்டும். ஆக்கியோன் பெயரும் உரிமமும் மற்றொரு கோப்பில் இடம்பெறல் வேண்டும். மாற்றங்கள் யாவும் நாளோடும் செய்தவர் பெயரோடும் பதிவாகும். புதியவர் ஆக்கிய பொதியை அனுபவமிக்க ஒருவர் சோதித்த பின்னரே ஏற்றுவர். பிறர் உழைப்பை மறைக்காமை, தன் பிழைக்குத் தானே பொறுப்பேற்றல் என்னும் இரு பண்புகளையும் இந்நெறி பழக்குகின்றது எனில் மிகையன்று.

இணையத்திலேயே இக்கணக்கைச் செய்யலாமே என்பார் உளர். ஆலையின் உற்பத்திப் பிணையம் பாதுகாப்புக் கருதி வெளியுலகிலிருந்து பிரித்து வைக்கப்படுவதுண்டு. அங்கே கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட கருவியே துணை. இத்தகைய பொதிகள் முன்னரே இருக்க மீண்டும் ஏன் என்பாரும் உளர். விடையைத் தாளில் கணக்கிட்டுச் சரிபார்க்க இயலும் என்பதாலேயே இது முதற்பயிற்சிக்கு உகந்தது என்போம். பயின்றபின், பராமரிப்பாளரை இழந்து கைவிடப்பட்ட பொதிகளுள் ஒன்றை ஏற்றுப் பேணலாம். அத்தொண்டு உலகிற்குப் பயன்படும். பொதுவில் நிற்கும் அப்பதிவு, வேலை தேடும் எளிய குடும்பத்து மாணவனுக்கு, எவர் பரிந்துரையும் வேண்டாத சான்றாகும்.

இது நமக்கு எட்டாத துறையன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்த வழிசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் நிரல்களின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அறிவு இருந்தும் மொழித்தடையால் தயங்கி நிற்கும் தொழிலாளத் தோழரை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு பொதியையேனும் ஆக்குமாறு கல்லூரிகள் பணித்தல் வேண்டும் என்பது எம் கருத்து. கணினித்துறை மாணவர் பொதியை ஆக்கட்டும். தமிழ்த்துறை மாணவர் அதன் கையேட்டைப் பிழையற்ற எளிய தமிழில் எழுதட்டும். சமுதாயப் பெரியோர்கள் பரிசுக் கோப்பைகளுக்கு ஈயும் பொருளில் ஒரு பகுதியைப் பழைய கணினிகளைச் செப்பனிட அளிக்கட்டும். கட்டளை வரி நிரலுக்கு அவையே போதும். நம் ஊர் ஆலையில் ஓடும் கருவியில் நம் மாணவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும் நாளை நாம் உருவாக்குவோமாக!