வோல்ட் குறைந்தால் மோட்டார் ஏன் சுடுகிறது?

இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காட்டில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர் மின்சாரக் கணக்குப் பார்த்துப் பழகியவரல்ல. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். பில் வராத இடத்தில் கணக்கு எதற்கு? ஆனால் காயில் கட்டும் கடையில் எதுவும் இலவசமில்லை.

மோட்டார் புகைந்தால் ‘லோ வோல்டேஜ்’ என்கிறோம். சரிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி இதற்கு நேர்மாறாக அல்லவா சொல்கிறது? வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைய வேண்டும். பிறகு சூடு எங்கிருந்து வருகிறது?

முதலில் இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்போம். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் அது இழுப்பது 4.35 ஆம்பியர், மின்தடை சுமார் 53 ஓம். சாயங்காலம் வோல்ட் 180-க்கு இறங்கினால் ஆம்பியர் 3.4 ஆகிறது, வாட் 612 ஆகிறது. வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கே சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. சட்டைச் சுருக்கம் போகாது, அவ்வளவுதான். பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லை.

மோட்டார் அப்படியல்ல. அதன் காயிலுக்குச் சில ஓம்தான் மின்தடை. 415 வோல்ட்டை அதனால் வகுத்தால், ஓடும் மோட்டார் உண்மையில் இழுப்பதைப்போலப் பல மடங்கு ஆம்பியர் வரும். அவ்வளவு இழுக்காததற்குக் காரணம் சுழற்சி. சுற்றும்போது காயிலுக்குள்ளேயே ஒரு எதிர் வோல்ட் பிறந்து, வரும் மின்சாரத்தை மடக்கிப் பிடிக்கிறது. ஸ்டார்ட்டரை அமுக்கியதும் ஆம்ஸ் மீட்டர் முள் எகிறிவிட்டு இறங்குவதும் இதனால்தான்: நின்ற மோட்டாருக்கு அந்தத் தடுப்பு இல்லை.

கிணற்றின் ஆழம் வோல்ட்டைப் பார்த்துக் குறையாது. தண்ணீரை அதே உயரத்துக்குத்தான் ஏற்ற வேண்டும். வேலை ஏறக்குறைய அதேதான் என்பதால், வோல்ட்டில் குறைந்ததை மோட்டார் ஆம்பியரில் ஈடுகட்டுகிறது. மூன்று பேஸில் ஓடும் 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் சுமார் 7.2 ஆம்பியர் எடுக்கும். 340-க்கு இறங்கினால் 8.8-ஐத் தொடும். ‘ஒன்றரை ஆம்பியர்தானே’ என்று விட்டுவிடத் தோன்றும். காயிலின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் சூடு ஒன்றரை மடங்கு. மணிக்கணக்கில் இப்படி ஓடினால் வார்னிஷ் கருகும்.

இதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அதைத் திருகி ஏற்றி வைப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. அது ரிப்பேர் அல்ல, காவலைக் கழற்றுவது. பெயர்த் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கே ரிலேயை வைக்க வேண்டும். அப்போதும் டிரிப் ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, வோல்ட் ஏறும்வரை பொறுக்க வேண்டியதுதான். கிணற்றுக்கு இழுத்த வயர் மெலிதா என்றும் பாருங்கள். வயரில் 1 ஓம் இருந்து 8 ஆம்பியர் ஓடினால் அதிலேயே 8 வோல்ட் போய்விடும். 64 வாட் வெறும் சூடாகும்.

மோட்டாரில் ஓம் பார்ப்பதற்கும் ஓர் இடம் உண்டு. சப்ளையைத் துண்டித்து, ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றிய மூன்று முனைகளை இரண்டிரண்டாக மீட்டரில் வைத்துப் பாருங்கள். மூன்று அளவும் ஒத்திருக்க வேண்டும். ஏதாவது குறைந்திருந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டியிருக்கக்கூடும். அந்த மோட்டாரை மறுபடி ஓட்டிப் பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.