10 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதுமா? பிஎச்.டி. மாணவர்கள் மறக்கும் ஆய்வு நெறிமுறை

பிஎச்.டி. மாணவர்களிடம் ஆய்வு நெறிமுறை பற்றிப் பேச்செடுத்தால், “ப்ளேஜியரிசம் எத்தனை பர்சென்ட் வந்திருக்கு?” என்றுதான் பலரும் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. யுஜிசி-யின் 2018 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆனால், ஆய்வில் பங்கேற்கும் மனிதர்களைப் பற்றி இந்தக் கணக்கு எதுவும் சொல்லாது. அவர்களுக்காக இருப்பது நெறிமுறைக் குழு. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி இதில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். மருத்துவர்களுடன் சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் உண்டு. தலைவர் வெளியிலிருந்து வர வேண்டும்.

“நாங்க ரத்தமா எடுக்கிறோம்? வெறும் சர்வேதானே!” என்பது சிலரின் வாதம். சாதி, மனநலம், குடும்ப வன்முறை பற்றிய பதில்கள் கசிந்தால் சிக்கல் யாருக்கு? பதில் சொன்னவருக்குத்தான். தன் வகுப்புக்கே கூகுள் ஃபார்ம் அனுப்பும் ஆசிரியரிடம் எந்த மாணவர் ‘முடியாது’ என்பார்? இன்டர்னல் மார்க் அவர் கையில் அல்லவா இருக்கிறது!

கையெழுத்து வாங்கினாலும் போதாது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-ல் பள்ளி மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. விடுதி மாணவிகள் பலருக்கு, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தனர். 2010-ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது.

இதையெல்லாம் மாணவர்களுக்கு யார் சொல்லித் தருவது? 2019 இறுதியில் யுஜிசி அறிவித்த 30 மணி நேரக் கட்டாயப் பாடத்தில் 6 அலகுகள் உள்ளன. வெளியீட்டு நெறி, ஓப்பன் ஆக்சஸ், தரவுத்தளங்கள் எல்லாம் இருக்கின்றன. பங்கேற்பாளர் ஒப்புதலுக்கென்று தனி அலகு இல்லை. டேட்டா எடுத்து முடித்த பிறகு, ஜர்னல் அனுமதி எண் கேட்கும்போதுதான் சிலர் குழுவைத் தேடி ஓடுகிறார்கள். களத்தில் இறங்கும் முன்பே வாங்க வேண்டிய அனுமதி அது.

அந்தத் தனி அலகை யுஜிசி சேர்க்க வேண்டும். அதுவரை நெறியாளர்கள் ஒன்று செய்யலாம். ஒப்புதல் படிவத்தை மாணவரையே எளிய தமிழில் எழுதச் சொல்லி, துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்கட்டும். ‘நான் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்பது அவருக்குப் புரியவில்லை என்றால், திருத்தி எழுதிய பிறகு களத்துக்குப் போகலாம்.