கால்மிதி சுவிட்சும் விலைப்புள்ளியும்

தறிக்குழியில் கால் வைத்துப் பிழைப்பவருக்கு மிதியைப் பற்றிப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எவ்வளவு அழுத்தினால் பாவு பிளந்து நாடாவுக்கு வழிவிடும் என்பதை அவர் உள்ளங்காலால் அறிகிறார். ஜக்கார்டு ஏற்றிய பட்டுத்தறியில் அந்தக் கனம் மிகுதி. நாள் முழுதும் மிதித்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்தவர் நம் அங்கத்தினருள் பலர். ஆகவேதான் ஜக்கார்டைத் தூக்கும் மோட்டாரை நாம் மனமார வரவேற்றோம். கனத்தை மோட்டார் ஏற்க, நெசவாளி ஒரு சிறு சுவிட்சைக் காலால் அழுத்தினால் போதும்.

அச்சிறு சுவிட்சைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம். மோட்டாரை வாங்குமுன் நிர்வாகக் குழுவினர் பத்து முறை யோசிக்கின்றனர். மிதியையோ, குறைந்த விலைப்புள்ளி எதுவோ அதன்படி வாங்கிவிடுகின்றனர். இது தவறென்பது நம் துணிபு.

மிதிகள் இருவகைப்படும். மிதித்திருக்கும் வரை ஓட்டி, காலை எடுத்தவுடன் நிறுத்துவது ஒன்று. ஒருமுறை மிதித்தால் ஓட்டி, மறுமுறை மிதித்தால் நிறுத்துவது மற்றொன்று. பின்னது காலுக்குச் சுகமானது. ஆயினும் கை நுழையும் இயந்திரம் எதற்கும் அது ஆகாது. ஆபத்து நேரும்போது மனிதன் காலை இழுத்துக்கொள்வானேயன்றி, மறுபடி தேடிப்பிடித்து மிதிக்க மாட்டான். மேலும், நம் ஊர்களில் மின்சாரம் போவதும் வருவதும் புதுமையன்று. போன மின்சாரம் திரும்பும்போது இத்தகைய மிதி மாட்டிய இயந்திரம், யாரும் தொடாமலே ஓடத் தொடங்கக்கூடும். அந்நேரம் பார்த்து ஒருவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தால் அவர் விரல் என்னாவது?

முதல்வகை மிதியை வாங்கியும் ஏமாறுவதுண்டு. மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அத்தனையும் மிதியின் உள்ளேயுள்ள சிறு உலோகமுனைகள் வழியே பாய்ந்தால், அவை நாளடைவில் பொசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்பொழுது காலை எடுத்தாலும் மோட்டார் நில்லாது. ஒரு கொட்டகையில் இதை நாம் நேரில் கண்டோம். ஜக்கார்டு தூக்கியபடியே நிற்க, பட்டுப்பாவு இறுகி இழைகள் படபடவென அறுந்தன. அவற்றை முடிய ஒரு பகல் ஆயிற்று; அந்தப் பகற்கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மோட்டாரின் சுமையை ‘காண்டாக்டர்’ என்னும் கருவி தாங்க, மிதி அதற்குக் கட்டளையிடுவதோடு நிற்பதே முறை. கட்டளைக்கு 24 வோல்ட் போதும். தறிக்குழியின் ஈரத்தில் வெறுங்காலோடு அமர்பவர் காலடியில் 230 வோல்ட் கம்பியைக் கொண்டுவைப்பது நியாயமா என்று குழுவினரே சொல்லட்டும்.

ஈரத்தைச் சொன்னதால் மற்றொன்று. மிதியின் மேல் ‘ஐ.பி.’ என்றும் இரண்டு இலக்கங்களும் பொறித்திருக்கும். முன்னது தூசிக்கும் பின்னது நீருக்கும் உள்ள காப்பைக் குறிக்கும். 20 என்றிருந்தால் விரல் உள்ளே புகாது, அவ்வளவே. நீருக்குக் காப்பே இல்லை. 65 என்றிருந்தால் தூசி நுழையாது, பீச்சும் நீரையும் தாங்கும். பஞ்சுத்தூசி பறக்கும் கொட்டகைக்கும் மழைக்காலத்தில் கசியும் குழிக்கும் இதற்குக் குறைந்ததை வாங்கலாகாது.

தவறி மிதிபடாமலும், மேலிருந்து ஏதும் விழுந்து அழுத்தாமலும் இருக்க மிதிக்கு மேல்மூடி வேண்டும். ஆனால் அம்மூடிகளிற் பல சப்பாத்துக் காலுக்கென வார்க்கப்பட்டவை. வெறுங்காலர் விரலை அவற்றின் விளிம்பு அறுக்கும். வில்லின் விறைப்பும் அதிகம். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதத்தால் மட்டும் அழுத்தக்கூடியதாக மிதி தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் பழைய மிதியின் நோவு முழங்காலை விட்டுக் கணுக்காலுக்குக் குடிபெயரும்.

விவசாய அங்கத்தினர்க்கும் ஒரு வார்த்தை. பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் இயந்திரங்களிலும் கால்மிதி வந்துள்ளது. அங்கே நல்ல மிதியும் போதாதென்பது நம் எண்ணம். கால் வேலை செய்யும்போது இரு கைகளும் ஓய்ந்திருக்கின்றன. மட்டையைச் சரிசெய்ய ஒரு கை சூடேறிய அச்சுக்குள் போவது இயல்பு. இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினாலன்றி இறங்காத இரட்டைப் பொத்தான் அமைப்பே அதற்கு ஏற்றது. வேலை சற்று மெதுவாகும் என்பது உண்மைதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அபாயமான பாகங்களுக்கு அடைப்பு வேண்டுமென 21ஆம் பிரிவில் விதித்தது. சிறு கொட்டகை அச்சட்ட எல்லைக்குள் வருமா என்று வழக்காடுவதால் விரல் மிஞ்சாது.

மாதிரிக்கு இரண்டு மூன்று மிதிகளை வரவழைத்து, அவற்றை மிதிக்கப்போகும் நெசவாளியின் காலடியிலேயே ஒரு வாரம் வைத்துப் பார்த்து, அவர் சொல்லையும் குறிப்பில் எழுதிய பின்னரே குழுவினர் விலைப்புள்ளியைப் பிரிக்க வேண்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்பும் அங்கத்தினர்கள், பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுப்பார்களாக.